ரிட்ஸின் தோராயம்

வலே மாநிலத்தின் தலைநகரமான சியோன், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு சிறிய நகரம். வால்டர் ரிட்ஸ் அங்கே 1878 பெப்ரவரியில் பிறந்தார். தந்தை ரஃபாயெல் ரிட்ஸ் ஓவியர். மகன் 1897இல் சூரிச் பாலிடெக்னிக்கில், இன்றைய ஈ.டி.எச்.சில், பொறியியல் படிக்கச் சேர்ந்தார். விரைவிலேயே கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் மாறிக்கொண்டார். அந்த வயதிலேயே நோய் பிடித்தது. காசநோயோடு ஜெர்மனிக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். 1909இல் சூரிச் பல்கலைக்கழகம் கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆசிரியர் தேடியபோது முதலில் எண்ணிய பெயர் ரிட்ஸ்தான். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அந்தப் பதவி ஐன்ஸ்டைனுக்குப் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் கோட்டிங்கன் நகரில் ரிட்ஸ் இறந்தார். வயது 31.

விமான இறக்கை, அணை, ரயில் பெட்டி, செயற்கை இடுப்பு மூட்டு என்று எதை வடிவமைத்தாலும் இன்று அதைக் கணினிக்குள் சிறு துண்டுகளாக வெட்டி, சுமை ஏற்றி, எங்கே எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறோம். ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று இதற்குப் பெயர். தொழிலில் இருப்பவர்கள் எஃப்.இ.எம். என்பார்கள். அதன் வேர்களில் ஆழமானது ரிட்ஸ் இறப்பதற்குச் சற்று முன் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் இருக்கிறது. மென்பொருள் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயர் ஒரு வரியில் கடந்து போகும். பல இடங்களில் அதுவும் இல்லை. இந்த முறையைக் கற்க விரும்பும் ஒருவர் தொடங்க வேண்டிய இடம் மென்பொருளின் முதல் திரை இல்லை, ரிட்ஸின் யோசனைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எடுத்துக்கொண்டது ஒரு தகட்டின் கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்பவர் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்துக் காட்டினார். தகடு அதிரும்போது மணல் அசையாத கோடுகளில் ஒதுங்கிப் படங்கள் உண்டாகும். அந்தப் படங்களைக் கணக்கால் வரைய முடியுமா என்பது நூறு ஆண்டுக் கேள்வியாக இருந்தது. சமன்பாடு கிடைத்துவிட்டது, விளிம்பில் என்ன நிபந்தனை என்பதையும் 1850இல் கிர்க்காஃப் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் விளிம்புகள் கட்டின்றி இருக்கும் சதுரத் தகட்டுக்கு அந்தச் சமன்பாட்டைத் தீர்க்க யாராலும் முடியவில்லை. பாரிஸ் அறிவியல் அகாடமி, விளிம்பு இறுகப் பிடிக்கப்பட்ட தகட்டின் கணக்குக்கு 1907ஆம் ஆண்டின் வையான் பரிசை அறிவித்தது. ரிட்ஸும் எழுதி அனுப்பினார். பரிசு அதமார் உள்ளிட்ட வேறு சிலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ரிட்ஸுக்கு எதுவும் இல்லை. தன் முறையை அவர் 1908இலும் 1909இலும் அச்சில் கொண்டுவந்தார். இரண்டாவது கட்டுரையில் கிளாட்னியின் மணற்படங்கள் கைக்கணக்கால் வந்து நின்றன.

யோசனை இதுதான். சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். தகடு எப்படி வளையக்கூடும் என்று நமக்குத் தெரிந்த சில எளிய வடிவங்களை எடுத்துக்கொள். உண்மை வடிவம் இவற்றின் கலவை என்று வைத்துக்கொள். எந்த வடிவம் எவ்வளவு கலக்கிறது என்பது மட்டுமே தெரியாதது. தகட்டின் மொத்த ஆற்றலை அந்தத் தெரியாத அளவுகளால் எழுது. ஆற்றல் மிகக் குறைவாக வரும் கலவையைத் தேடு. முடிவற்ற ஒரு தேடல் சில எண்களைக் கண்டுபிடிக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. இதன் பயனை முதலில் கண்டுகொண்டவர்கள் ரஷ்யப் பேரரசின் பொறியாளர்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் டிமோஷென்கோ அவர்களில் ஒருவர். கலெர்கின் 1915இல் இதை விரிவாக்கினார்.

இதன் வலிமையையும் ஆபத்தையும் ஒரே கணக்கில் காட்டலாம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரம். அதன் மேல் நெடுகச் சீரான சுமை. சரியான விடை எல்லாப் பாடநூலிலும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு ரிட்ஸின் வழியில் போவோம். முனைகளில் தொய்வு இல்லை, நடுவில் அதிகம் என்பது தெரியும். சைன் அலையின் அரைப் பகுதி அப்படித்தான் இருக்கும். தொய்வின் வடிவம் அதுவே என்று ஊகித்துக்கொள்வோம். எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. வளைந்த உத்திரத்தில் சேரும் ஆற்றலையும், சுமை கீழே இறங்குவதால் குறையும் ஆற்றலையும் எழுதி, மொத்தம் மிகக் குறைவாகும் இடத்தைப் பார்த்தால் அந்த ஓர் எண் கிடைத்துவிடும். அரைப் பக்கக் கணக்கு. நடுவில் வரும் தொய்வு உண்மையைவிட 0.4 விழுக்காடுதான் கூடுதல். ஒரே ஓர் ஊகம் இவ்வளவு அருகில் கொண்டுவந்து விடுகிறது.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. உத்திரம் உடையுமா என்று தெரிய வேண்டுமானால் தொய்வு போதாது; அதற்குள்ளே ஓடும் விசைகள் வேண்டும். அதே சைன் ஊகத்திலிருந்து வளைவுத் திருப்புமையைக் கணக்கிட்டால் நடுவில் பிழை 3.2 விழுக்காடு. அடுத்து ஷியர் விசை, அதாவது உத்திரத்தின் ஒரு வெட்டுமுகத்தைப் பக்கத்து வெட்டுமுகத்தின் மேல் வழுக்கித் தள்ளப் பார்க்கும் விசை. தாங்குமிடத்தில் அது மொத்தச் சுமையில் சரிபாதி என்று எந்தக் கணக்கும் இல்லாமலே சொல்லிவிடலாம்: இரண்டு தாங்கிகள், ஆளுக்குப் பாதி. சைன் ஊகம் தருவதோ 0.405 பங்கு. 19 விழுக்காடு குறைவு! தொய்விலிருந்து திருப்புமைக்குப் போக இரண்டு முறை வகையிட வேண்டும், ஷியருக்கு மூன்று முறை. ஒவ்வொரு வகையீட்டிலும் பிழை பெருத்துக்கொண்டே போகிறது. அதிலும் கடைசிப் பிழை ஆபத்தான பக்கம் விழுகிறது; இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. சரியான தொய்வு வளைவையும் சைன் வளைவையும் ஒரே தாளில் வரைந்தால் இரண்டும் ஒரு கோடாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

எஃப்.இ.எம். கற்கும் ஒவ்வொருவரும் இந்த மூன்று எண்களைத் தம் கையால் ஒரு முறை கண்டடைய வேண்டும் என்று நினைக்கிறேன். 0.4, 3.2, 19. அழகாக வளைந்து தெரியும் ஓர் உருவம் உள்ளே எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரியாது.

ரிட்ஸுக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். துளையும் விலாவும் மடிப்பும் உள்ள ஓர் இயந்திர உறுப்பு முழுவதற்குமாக ஒரு சைனை ஊகிக்க முடியாது. ஆகவே உறுப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மிக எளிய ஓர் ஊகத்தைக் கொடுக்கலாம். 1943இல் ரிச்சர்ட் குராண்ட் முக்கோணங்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். 1956இல் போயிங்கின் விமான வேலையிலிருந்து டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் கட்டுரை வந்தது. 1960இல் கிளஃப் இதற்குப் பெயர் சூட்டினார். துண்டுகள் பெருகினால் தெரியாத எண்களும் பெருகும். ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்க வேண்டும். இங்கே மறுபடி சூரிச் வருகிறது. 1950இல் ஈ.டி.எச். ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசேயிடமிருந்து இசட்-4 என்ற கணினியை வாடகைக்கு எடுத்தது. ரிலேக்களால் ஓடிய அந்த இயந்திரம் 64 எண்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். அதை வரவழைத்த பேராசிரியர் எடுவார்ட் ஸ்டீஃபெல், அமெரிக்கரான ஹெஸ்டனெஸுடன் சேர்ந்து 1952இல் கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற தீர்வு வழியை வெளியிட்டார். இருவரும் தனித்தனியே அதைக் கண்டடைந்து, பிறகு சந்தித்து, ஒன்றாக எழுதினார்கள். இன்று மென்பொருளில் இட்டரேட்டிவ் சால்வர் என்ற பொத்தானைத் தேர்ந்தால், உள்ளே ஓடுவது பெரும்பாலும் அந்த வழியின் ஏதோ ஒரு வடிவம்.

இப்போது அந்தப் பொத்தான் ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறது, எம் பிள்ளைகளின் மேசையிலும். எண்பதுகளில் ஈழத்திலிருந்து சுவிசுக்கு வந்த எம்மவர்கள் உணவகங்களின் அடுக்களையிலும் மருத்துவமனைத் துப்புரவு வேலையிலும் உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதில் லேரே எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். இயந்திர வடிவமைப்பாளர் பயிற்சி நான்கு ஆண்டுகள். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள்கள் நிறுவனத்தில் வேலை. அதன் பிறகு உயர்தொழிற்கல்லூரி, சிலருக்கு ஈ.டி.எச். அல்லது லோசானில் உள்ள அதன் சகோதரி நிறுவனம். என் துறையில் தமிழ்ப் பெயர்கள் இப்போது புதுமை இல்லை. இந்தப் பிள்ளைகள் மூன்று பரிமாண வரைபடம் வரையக் கற்கும் அதே மென்பொருளில் தகைவுக் கணக்குக்கான பட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. பொருளைத் தேர்ந்தெடு, ஒரு முகத்தை அசையாமல் பிடி, இன்னொரு முகத்தில் சுமையை வை, ஓடவிடு. நீலத்திலிருந்து சிவப்புவரை நிறமேறிய ஓர் உருவம் வந்துவிடும். எந்தக் கேள்வி கேட்டாலும் அது வரும். கேள்வி தவறாக இருந்தாலும் வரும்.

ஒருமுறை ஒரு பயிற்சி மாணவர், எல் வடிவில் மடிந்த ஒரு தாங்கியின் கணக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உள்மூலையில் தகைவு 180 மெகாபாஸ்கல் என்று வந்ததாம். துண்டுகளைச் சிறிதாக்கினால் விடை துல்லியமாகும் என்று வகுப்பில் சொன்னார்கள், சிறிதாக்கினேன், 240 வந்தது. இன்னும் சிறிதாக்கினேன், 320. “அண்ணா, இதில எந்த நம்பரை அறிக்கையில எழுதுறது?” என்று கேட்டார். எதையும் எழுத முடியாது. கூர்மையான உள்மூலையில் தகைவு முடிவின்றி ஏறும் என்பதுதான் மீள்தன்மைச் சமன்பாட்டின் விடை. கணினி அதைத் துரத்திக்கொண்டு போகிறது. உண்மையான தாங்கியில் கூர்மூலை இருக்காது. கருவியின் முனை ஒரு சிறு வளைவை விட்டிருக்கும், அல்லது பற்றவைப்பு அதை நிரப்பியிருக்கும். வரைபடத்தில் அந்த வளைவைப் போட்ட பிறகுதான் அங்கே கேட்கக்கூடிய ஒரு கேள்வியே உண்டாகிறது. அவர் கேட்டது நல்ல கேள்வி. மூன்று எண்களும் வேறுவேறாக வந்ததைக் கவனித்தவர் அவர். முதல் எண்ணோடு நிறுத்தி அறிக்கை எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர்.

அப்படி நிறுத்துவதன் விலை என்னவென்று நார்வே அறிந்தது. 1991 ஆகஸ்டு 23 அன்று ஸ்டாவாங்கர் அருகே காண்ட்ஸ்ஃபியோர்டில், ஸ்லைப்னர்-ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சுவர் பிளந்தது. முழு அமைப்பும் மூழ்கி அடித்தரையில் நொறுங்கியது. நிலநடுக்கப் பதிவுக் கருவிகளில் அது 3.0 அளவு அதிர்வாகப் பதிந்தது. மேலே இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள். விசாரணை கண்டுபிடித்தது இது: எஃப்.இ.எம். கணக்கில் அந்தச் சுவர்ப் பகுதிக்குப் போட்ட துண்டுகள் மிகப் பெரியவை, சரியான உருவமும் இல்லாதவை. அதனால் ஷியர் விசை ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. கம்பி கட்டியதிலும் குறை இருந்தது. மறுபடி கவனமாகக் கணக்கிட்டபோது சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. அது உடைந்தது 65 மீட்டரில். கணக்கு முறைக்குத் திறமை இருந்தது. கேட்ட விதம்தான் தவறு. தாங்கிகளுக்கு நடுவே நீரழுத்தம் தாங்கும் சுவரும் ஓர் உத்திரமே. அதன் முனையில் ஷியர் எவ்வளவு என்பது சுமையைப் பாதியாக்கினால் கிடைத்துவிடும். மேலே சைன் கணக்கில் கைவிட்டுப்போன அதே விசைதான் அங்கேயும் கைவிட்டுப்போனது. எழுபது கோடி டாலர் அளவுக்கு இழப்பு என்று சொல்லப்படும் அந்த விபத்துக்கும் என் அரைப்பக்க உத்திரத்துக்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றும் அச்சம் தருகிறது.

துண்டின் உள்ளேயே ஒளிந்திருக்கும் குறைகளும் உண்டு. எளிய ஊகம் கொண்ட சில துண்டுகள் மெல்லிய உத்திரத்தையோ தகட்டையோ வளைக்க மறுத்து, இரும்புத் திண்மம்போல் விறைத்து நிற்கும். இதை லாக்கிங் என்பார்கள். இது ஏன் நிகழ்கிறது என்பதை ஆழமாக விளக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகத்தில் பணியாற்றிய கங்கன் பிரதாப். ஊகித்த வடிவங்களுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒத்துவராத பகுதிகள் இருக்கின்றன, அவை இயற்கையில் இல்லாத ஒரு கட்டுப்பாட்டைத் துண்டின் மேல் சுமத்துகின்றன என்று அவர் காட்டினார். இந்த முறை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து இறங்கிய பொருள் மட்டும் அல்ல. அதன் அடிப்படையைக் கேள்வி கேட்டுச் சீர்செய்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். சென்னையிலும் கோவையிலும் இதைப் படிக்கும் மாணவர்களுக்கு அவர் எழுதியதை வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

கணினிக்கு முந்திய ஒரு பாடத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். பாசல் நகரத்தை ஒட்டிய முன்சென்ஸ்டைனில் பிர்ஸ் ஆற்றின் மேல் ஓர் இரும்பு ரயில் பாலம் இருந்தது. 1875இல் குஸ்தாவ் ஈஃபெலின் நிறுவனம் கட்டியது. 1891 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, நிறைந்த ரயிலோடு அது ஆற்றில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். சூரிச் பேராசிரியர்களான ரிட்டரும் டெட்மயரும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். பாலத்தின் நடுவில் அழுத்தம் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வலுவற்றவை என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. அழுத்தும்போது சட்டம் பக்கவாட்டில் வளைந்து நொடிப்பதற்கான சூத்திரம் அதே பாசலில் பிறந்த ஆய்லர் 1744இல் தந்தது. அந்தச் சூத்திரம் மிக ஒல்லியான சட்டங்களுக்கே பொருந்தும். நடுத்தரச் சட்டங்களுக்கு உண்மையில் இல்லாத வலிமையைக் காட்டும். டெட்மயர் சட்டம் சட்டமாக நசுக்கிப் பார்த்து, எந்த எல்லைக்கு மேல் ஆய்லரை நம்பலாம், கீழே எதை நம்ப வேண்டும் என்று அளந்து கொடுத்தார். மறு ஆண்டே பாலங்களுக்கான கூட்டாட்சி ஒழுங்குவிதி வந்தது. ஒரு சூத்திரம் எந்த எல்லைக்குள் உண்மை என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல முடியும். இன்று மென்பொருளில் லீனியர் பக்லிங் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது தருவதும் ஆய்லரின் விடைதான். 1891இன் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது விளிம்பு நிபந்தனை: நம் பொருள் எதன் மேல் நிற்கிறது, எதனால் பிடிக்கப்படுகிறது. அந்த உத்திரத்தையே மறுபடி பாருங்கள். முனைகள் சுழல விடப்பட்டால் நடுத் தொய்வு ஓர் அளவு. முனைகள் இறுகப் பிடிக்கப்பட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. திரையில் ஒரு பெட்டியில் குறியிடுவதற்கும் பக்கத்துப் பெட்டியில் குறியிடுவதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மடங்கு. போல்ட் போட்டு முறுக்கிய உண்மையான இணைப்பு இந்த இரண்டும் இல்லை; நடுவே எங்கோ இருக்கும். எங்கே என்பதை மென்பொருள் அறியாது. பட்டறையில் அந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தவர், முறுக்கியவர், தளர்ந்து போனதைக் கண்டவர் ஓரளவு அறிவார். மெஷ் எனப்படும் துண்டுகளின் வலையைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கும் வகுப்புகள் இதற்கு ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். இந்த ஒழுங்கு தலைகீழாக வேண்டும்.

இதற்கு ஒரு சாட்சி ரிட்ஸ் பிறந்த ஊருக்கு மேலேயே இருக்கிறது. சியோனுக்கு வடக்கே மலையில் செயூசியே என்ற வளைவணை, 156 மீட்டர் உயரம், 1957இல் முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது. சுவிஸ் அணைகளுக்குள் நீண்ட கம்பிகளில் எடைகள் தொங்கவிடப்பட்டிருக்கும். அணை மில்லிமீட்டர் அளவில் அசைந்தாலும் அந்தத் தொங்கல்கள் காட்டிவிடும். 1978இன் இறுதியில் அளவுகள் மாறத் தொடங்கின. நீர் தள்ளுவதற்கு எதிர்த்திசையில், ஏரியின் பக்கமாக, அணை வளைந்தது. கான்கிரீட்டில் விரிசல்கள் விட்டன. கான்கிரீட்டில் குறையில்லை, நீர்மட்டமும் வழக்கம்போல்தான். காரணம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ராவில் கணவாய்க்குக் கீழே நெடுஞ்சாலைச் சுரங்கம் அமைக்கலாமா என்று பார்ப்பதற்காக ஓர் ஆய்வுச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்குகளில் இருந்த நிலத்தடி நீர் அதன் வழியாக வடிந்துவிட்டது. நீர் போனதும் பாறை இறங்கியது. மலையே பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது; பள்ளத்தாக்கின் இரு சுவர்களும் சில சென்டிமீட்டர் நெருங்கி அணையை இடுக்கின. ஏரியை இறக்கி, விரிசல்களில் எப்பாக்சிப் பிசினைச் செலுத்திப் பழுது பார்த்து, மெல்ல மெல்ல மறுபடி நிரப்பினார்கள். அணை இன்றும் நிற்கிறது. அந்த நெடுஞ்சாலை கட்டப்படவே இல்லை.

அணையைக் கணக்கிடும் எவரும் ஓரிடத்தில் பாறையை வெட்டி, ‘இதற்குக் கீழே அசைவில்லை’ என்று எழுதத்தான் வேண்டும். உலகம் முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட முடியாது. செயூசியேயில் அந்த ‘அசைவில்லை’ என்ற சொல்தான் பொய்த்தது. எந்த மெஷ்ஷும், எந்த சால்வரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. சொன்னது தொங்கிக்கொண்டிருந்த ஓர் எடையும், அதைத் தவறாமல் படித்துக் குறித்துவைத்த பணியாளரின் ஒழுங்கும். கணக்கு அளவீட்டுக்கு மாற்று என்று நினைப்பவர்களிடம் இந்த அணையைப் பற்றித்தான் சொல்வேன்.

கணினிக் கணக்கே இல்லாமல் கட்டியவர்களும் உண்டு. புர்க்டோர்ஃபில் வாழ்ந்த ஹைன்ஸ் ஐஸ்லர் என்ற பொறியாளர் துணியைத் தொங்கவிட்டு, விறைக்கச் செய்து, தலைகீழாகத் திருப்பி, ஷெல் எனப்படும் மெல்லிய கான்கிரீட் ஓடுகளின் வடிவத்தைக் கண்டடைந்தவர். ஏ-1 நெடுஞ்சாலையில் டைட்டிங்கனில் 1968இல் அவர் எழுப்பிய இரண்டு ஓடுகள் இன்றும் இருக்கின்றன. சின்ன மாதிரிகளைக் கையால் அளந்து அளந்து அவர் கட்டியவற்றுக்கு எஃப்.இ.எம். தேவைப்படவில்லை. அவருடைய வழிக்கு எல்லோரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றாலை இறக்கையையோ டர்பைன் சக்கரத்தையோ துணியால் வடிவமைக்க முடியாது. ஆனால் பொருளின் நடத்தை அவர் விரல்களில் இருந்தது. அது இருக்கும் கையில் கணினி பெரிய கருவி.

கற்கும் ஒழுங்கைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதலில் தாளும் பென்சிலும்: ஓர் உத்திரம், ஒரு சைன், ஆற்றல், மூன்று பிழைகள். பிறகு இரண்டு துண்டு, நான்கு துண்டு கொண்ட ஒரு கம்பியைக் கையாலேயே தீர்ப்பது. சமன்பாடுகளின் அணி (மேட்ரிக்ஸ்) எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரியும். அதன் பிறகு மென்பொருள். அதிலும் விடை ஏற்கனவே தெரிந்த கணக்குகளை மட்டும் சில காலம். எதிர்விசைகளைக் கூட்டினால் ஏற்றிய சுமை வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாத அறிக்கையை நான் படிப்பதில்லை. அலகுகளிலும் கவனம் வேண்டும்: மில்லிமீட்டரும் நியூட்டனும் வைத்து வேலை செய்கிறவருக்கு எஃகின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 7.85×10⁻⁹ டன். அங்கே கிலோகிராமை எழுதினால் அதிர்வுக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும், படம் மட்டும் அழகாகவே இருக்கும். இதையெல்லாம் விட முக்கியமானது, கணக்கிட்ட பொருள் உடைக்கப்படும் இடத்தில் மாணவர் நிற்பது. சுவிசின் தொழிற்பயிற்சி முறையில் நான் மிக மதிப்பது இதைத்தான். வரைகிறவன் கடைசல் இயந்திரத்திலும் கை வைத்திருப்பான். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆய்வுக்கூடமும் கணினிக்கூடமும் இரண்டு வேறு பாடங்கள், இரண்டு வேறு மதிப்பெண்கள். ஒரே தாங்கியைக் கணினியில் கணக்கிட்டு, அதே தாங்கியைச் சோதனை இயந்திரத்தில் வளைத்துப் பார்க்கும் ஒரு பயிற்சியை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. இழுவிசைச் சோதனை இயந்திரம் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் ஏற்கனவே இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்களிடம், சூரிச்சில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், நான் கேட்பது ஒன்று. உங்கள் அடுத்த அறிக்கையில் நிறப்படத்துக்கு முன்னால் ஒரு பக்கம் விடுங்கள். அந்தப் பக்கத்தில் கைக்கணக்கால் வந்த எண்ணையும், பொருளை எங்கே, ஏன் அசையாமல் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களிடம் கற்க வரும் இளையவரிடமும் முதலில் அந்தப் பக்கத்தையே கேளுங்கள். அது வராமல் படத்தைத் திறக்க வேண்டாம்.